90 நாள் ஆர்டர், 4 மணி நேர அவகாசம்

(2025 நவம்பரில், திருப்பூரில் சிறு பனியன் தொழில் நடத்துவோரும் தொழிலாளர்களும் சேர்ந்து கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேசத்தான் போகிறேன். ஆனால் வரி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. அது வரப்போகிறது என்று நமக்கு எத்தனை நாளைக்கு முன்னால் சொன்னார்கள்? அதைக் கேட்கத்தான் இந்த மைக் முன்னால் நிற்கிறேன். அமெரிக்காவில் இருந்து வந்த முடிவானாலும், டெல்லியில் இருந்து வந்த முடிவானாலும், சென்னையில் இருந்து வந்ததானாலும், கடைசியில் நம் கம்பெனி வாசலில் நாமே எடுத்ததானாலும் ஒரே கேள்விதான். முடிவு எடுத்தவருக்கு எவ்வளவு நேரம் இருந்தது, அந்த முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?

இந்த வருடத்துத் தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 2, அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார், இந்தியாவுக்கு 26 சதவீதம். ஏப்ரல் 9, அது 90 நாளைக்கு நிறுத்தி வைக்கப்பட்டது, அதுவரைக்கும் 10 சதவீதம். ஜூலையில் அந்தக் கெடு ஆகஸ்ட் 1 என்று தள்ளிப்போனது. ஜூலை கடைசியில் 25 சதவீதம் என்றார்கள், ஆகஸ்ட் 7 முதல் அமல். அது அமலுக்கு வருவதற்கு முந்தின நாளே, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று சொல்லி இன்னொரு 25 சதவீதம் அறிவித்தார்கள். 21 நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, இரண்டும் சேர்ந்து 50 ஆனது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20. நமக்கு 50.

நம் ஊரில் ஒரு ஆர்டருக்கு எத்தனை நாள் ஆகும் என்று இங்கே இருக்கும் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பிள் ஓகே ஆகி, நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, டையிங் அனுப்பி, காம்பாக்டிங் முடிந்து, வெட்டி, பிரிண்ட் அடித்து, தைத்து, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பெட்டி கட்டி முடிக்க 90 நாள். பெட்டி தூத்துக்குடியில் ஏறிய பிறகு அமெரிக்கக் கரையைத் தொட ஒரு மாதத்துக்கு மேல். வரிக்கு ஒரு விலக்கு கொடுத்தார்கள். ஆகஸ்ட் 27க்கு முன்னால் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17க்கு முன்னால் அங்கே சுங்கத்தில் கணக்கு முடிந்த சரக்குக்குப் பழைய வரியே போதும் என்றார்கள். ஆகஸ்ட் 20 அன்று ஏறிய பெட்டி செப்டம்பர் 17க்குள் எப்படிப் போய்ச் சேரும்? மே மாதம் பேசிய விலைக்கு ஜூன், ஜூலையில் தைத்து ஆகஸ்டில் ஏற்றி அனுப்பிய சரக்குக்கு, அது கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே வரி மாறியது.

ஒரு டி-ஷர்ட் 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீதம் சுங்கம் உண்டு, அதாவது 66 சென்ட். அதன்மேல் 50 சதவீதம் சேர்ந்தால் இன்னும் 2 டாலர். நம் ஊரில் எந்த ஏற்றுமதியாளரின் காஸ்டிங் பேப்பரிலும் 2 டாலர் லாபம் என்று ஒரு கட்டம் இருந்ததில்லை. பையர் டிஸ்கவுண்ட் கேட்டார். ஏற்றுமதியாளர் கொஞ்சம் கொடுத்தார், கொஞ்சத்தை நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் தள்ளினார், மிச்சத்தை ஜாப் ஒர்க் கூலியில் பிடித்தார். திருப்பூரின் ஏற்றுமதி வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ 30 சதவீதம் அமெரிக்காவுக்கு. இந்த எண்களைப் பத்திரிகையில் படிக்கிறோம். இந்த எண்ணுக்குக் கீழே என்ன நடந்தது என்று பத்திரிகையில் வரவில்லை. அதை நான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம். பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். எட்டு மெஷின் வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு பவர் டேபிள். ஓவர்லாக் நாலு, பேட்லாக் மூணு, சிங்கர் ஒண்ணு. திங்கட்கிழமை கட்டிங்கில் இருந்து பண்டல் வந்து இறங்கியது. கைத் துண்டு தனியாக, கழுத்துப் பட்டி தனியாக, ஒவ்வொரு கட்டிலும் சைஸ் எழுதிய சீட்டு. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், வியாழக்கிழமை, ஏற்றுமதி கம்பெனியில் இருந்து போன் வந்தது. "தைக்க வேண்டாம், ஹோல்ட் பண்ணுங்க." பாதி தைத்திருந்தார்கள். தைத்தது ஒரு பக்கம், தைக்காதது ஒரு பக்கம் என்று சுவரோரம் அடுக்கினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அந்த வாரம் எல்லோருக்கும் மூன்று ஷிப்டுதான். செக்கிங் பார்க்கும் அக்கா கவரை வாங்கினார், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணா, திங்கக்கிழமை வரலாங்களா?" என்று கேட்டார்.

"போன் பண்றனுங்க அக்கா" என்றார் அந்த முதலாளி.

அவரிடம் வேறு பதில் இல்லை. அவர் ஏற்றுமதி கம்பெனி மெர்ச்சண்டைசரிடம் கேட்டபோது அவருக்குக் கிடைத்த பதிலும் அதுதான். மெர்ச்சண்டைசர் பையிங் ஆபீசில் கேட்டபோது கிடைத்ததும் அதுதான். மேலே இருந்து கீழே வரைக்கும் எல்லோரும் 'போன் பண்றோம்' என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அந்த அக்காவுக்குத்தான் யாரிடமும் அப்படிச் சொல்ல முடியாது. மகளிர் குழுத் தவணைக்குத் தேதி உண்டு. வீட்டு வாடகைக்குத் தேதி உண்டு. பையனுக்கு டேர்ம் பீஸ் கட்டத் தேதி உண்டு. கேஸ் சிலிண்டர்காரரிடம் ஹோல்ட் பண்ணுங்கள் என்று சொல்ல முடியுமா? நிச்சயமின்மை மேலே இருந்து ஒவ்வொரு கையாக இறங்கி வருகிறது. எங்கே அதற்கு மேல் தள்ளிவிட ஆள் இல்லையோ, அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

"தொழில் என்றால் ரிஸ்க் இருக்கத்தான் செய்யும், ரிஸ்க் எடுக்காமல் லாபம் எங்கே வரும்" என்று நமக்கு உபதேசம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படித்த பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1921ஆம் வருடம் ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு புத்தகம் போட்டார். கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிற ஆபத்து ஒன்று இருக்கிறது, கணக்குக்கே சிக்காத நிச்சயமின்மை ஒன்று இருக்கிறது என்றார். முதலாவதுக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதைத் தலையில் சுமக்கிறவனுக்குக் கிடைக்கும் பலன்தான் லாபம் என்றார். நல்லது, அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இப்போது இந்த ஊரில் அந்தச் சுமையைத் தூக்குவது யார்? மூன்று ஷிப்டு சம்பளத்தோடு வீட்டுக்குப் போனவர். லாபத்தில் அவருக்கு எந்தக் காலத்தில் பங்கு கொடுத்தார்கள்? சுமப்பவர் ஒருவர், லாபம் எடுப்பவர் வேறொருவர் என்றால் அதற்கு ரிஸ்க் என்று பெயர் வைக்காதீர்கள்.

டிரம்பைத் திட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். அது சுலபம், ஏனென்றால் அவர் காதில் விழாது. நம் ஓட்டு வாங்கியவர்கள் நமக்கு எவ்வளவு அவகாசம் கொடுத்தார்கள்?

2016 நவம்பர் 8, இரவு 8 மணி. 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு அன்று நள்ளிரவில் இருந்து செல்லாது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம். அவகாசம் 4 மணி நேரம். நம் ஊரில் சம்பளம் வாராவாரம், கையில் ரொக்கமாக. அந்தச் சனிக்கிழமை இந்த ஊர் முழுக்க முதலாளி கையிலும் பணம் இல்லை, தொழிலாளி கையிலும் பணம் இல்லை. கறுப்புப் பணத்தைப் பிடிப்பதற்காக ரகசியமாக வைத்தோம் என்றார்கள். பிறகு ரிசர்வ் வங்கி எண்ணிப் பார்த்துச் சொன்னது, 99.3 சதவீத நோட்டு திரும்பி வந்துவிட்டது. அந்த ரகசியத்துக்கு விலை கொடுத்தது வங்கி வாசலில் கால் கடுக்க நின்ற சனம்.

2020 மார்ச் 24, மறுபடியும் இரவு 8 மணி. நள்ளிரவில் இருந்து நாடு முழுக்க ஊரடங்கு, 21 நாள். மறுபடியும் அதே 4 மணி நேரம். நோய் பரவுகிறது, ஊரடங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து, பத்துப் பேர் ஒரு அறையில் தங்கித் தைத்துக்கொண்டிருந்த பையன்கள் அந்த 4 மணி நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? அரிசி வாங்கப் போவதா, ஸ்டேஷனுக்குப் போவதா? ரயிலையும் நிறுத்தி, பஸ்ஸையும் நிறுத்திவிட்டு, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்றார்கள். நாடு முழுக்க நெடுஞ்சாலைகளில் மனிதர்கள் நடந்தார்கள். அந்த செப்டம்பரில், எத்தனை புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு எங்களிடம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது.

தாய்மார்களே, 2023 மார்ச் மாதம் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் வடமாநிலத்தாரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. உங்கள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த பையன் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். ஏன் போனான்? நான்கு மணி நேரத்தில் உலகம் மூடிவிடும் என்பதை அவன் ஒருமுறை பார்த்துவிட்டான். எந்த வதந்தியும் நிஜமாகலாம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அரசாங்கத்தின் நடத்தை.

ஜி.எஸ்.டி.க்கு வருகிறேன். 2021 செப்டம்பரில் கவுன்சில் முடிவு எடுத்தது. 2022 ஜனவரி 1 முதல் துணிக்கும் ஆயிரம் ரூபாய்க்குக் கீழான ஆடைக்கும் 5 சதவீதத்தில் இருந்து 12 சதவீதம். நவம்பரில் அறிவிக்கையும் வெளியிட்டார்கள். காதர்பேட்டை பனியன் வியாபாரிகள் 12 போட்டு ரேட் பேசினார்கள். வெளியூர் வியாபாரி வாங்குவதா வேண்டாமா என்று யோசித்தார். சிலர் டிசம்பரிலேயே சரக்கைத் தள்ளிவிட விலையைக் குறைத்தார்கள். டிசம்பர் 31 அன்று கவுன்சில் கூடி, அந்த உயர்வைத் தள்ளிவைக்கிறோம் என்றது. விடிந்தால் அமலுக்கு வர வேண்டிய வரி, முந்தின நாள் இல்லை என்று ஆனது. இதைச் சாதனை என்று சொல்லி மாலை போட்டுக்கொண்டார்கள். மூன்று மாதம் நாம் போட்ட ஒவ்வொரு காஸ்டிங்கையும் குப்பையில் போட்டதற்கு யார் பொறுப்பு?

இந்த வருடம் வரியைக் குறைத்தார்கள். 2,500 ரூபாய் வரைக்குமான ஆடைக்கு 5 சதவீதம். நல்ல முடிவு, நான் வரவேற்கிறேன். ஆனால் எப்படிச் செய்தார்கள்? ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் இருந்து தீபாவளிக்குள் வரி குறையும் என்றார் பிரதமர். எந்தப் பொருளுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று சொல்லவில்லை. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22. நடுவில் 38 நாள். அந்த 38 நாள் தீபாவளிச் சரக்கு போகும் நாள். விலை குறையும் என்று தெரிந்த பிறகு எந்தக் கடைக்காரர் சரக்கு எடுப்பார்? ஒரு பக்கம் அமெரிக்க ஆர்டர் நின்றது, அதே நாட்களில் உள்ளூர் வியாபாரமும் படுத்தது. நல்லது செய்கிறவர்களும் தேதியைச் சொல்லிவிட்டுச் செய்யக் கூடாதா?

பஞ்சுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீதம் இறக்குமதி வரி போட்டார்கள். அந்த நவம்பரில் நூல் விலை ஒரே அடியாகக் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது. நவம்பர் 26 அன்று ஊரையே மூடிப் போராடினோம். அடுத்த ஏப்ரலில் செப்டம்பர் 30 வரைக்கும் விலக்கு என்றார்கள். மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மறுபடியும் இரண்டு நாள் மூடினோம். பிறகு அக்டோபர் 31 வரைக்கும் விலக்கு. பிறகு மறுபடியும் வரி. இப்போது இந்த ஆகஸ்ட் 19இல் இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் விலக்கு என்றார்கள். ஆறு வாரம். ஆர்டர் போட்டு, கப்பல் ஏறி, இங்கே வந்து இறங்குவதற்குள் விலக்கு முடிந்துவிடும் என்று மில்காரர்கள் கத்திய பிறகு, பத்தே நாளில் அதை டிசம்பர் 31 வரைக்கும் நீட்டினார்கள். ஆறு வாரத்தில் பஞ்சு வந்து சேராது என்று அந்த ஆபீசில் ஒருவருக்குக்கூடத் தெரியாதா?

இதில் நான் மில்காரருக்காக மட்டும் பேசவில்லை. விதர்பாவிலும் குஜராத்திலும் ஜூன் மாதம் விதை ஊன்றிய பருத்தி விவசாயி இருக்கிறார். அவர் விதை போட்டபோது 11 சதவீத வரி இருந்தது. அவர் காய் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோனபோது வரி இல்லை. நடுத்தர இழைப் பருத்திக்கு இந்தப் பருவத்துக்கு அரசு சொன்ன குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். சந்தையில் அது கிடைக்குமா என்பது அவருக்குத் தெரியாது. ஊன்றும்போது ஒரு சட்டம், பறிக்கும்போது ஒரு சட்டம் என்றால் அவர் எதை நம்பி ஊன்றுவார்? நமக்கு மலிவாகப் பஞ்சு வேண்டும், அவருக்கு நல்ல விலை வேண்டும். இந்த வழக்கு நமக்குள் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் பருவம் தொடங்கும் முன்னால் வரியைச் சொல்லிவிடு என்று கேட்பதில் நாம் இருவரும் ஒரே பக்கம்.

மழை எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதற்காக நான் எந்த அரசாங்கத்தையும் குறை சொல்லவில்லை. ஆனால் மழையின் நிச்சயமின்மைக்கே மனிதன் தேதி குறித்திருக்கிறான். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு. டெல்டாவில் அந்தத் தேதியை வைத்துத்தான் குறுவைக்கு நாற்றங்கால் போடுவார்கள். காவிரித் தீர்ப்பில் மாதத்துக்கு மாதம் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஜூனில் 9.19 டி.எம்.சி., ஜூலையில் 31.24 டி.எம்.சி. தண்ணீர் குறைந்த வருடத்தில் அது வந்து சேர்வதில்லை, சண்டை நடக்கிறது, போன வருடம் அணை ஜூலை கடைசியில்தான் திறந்தது. இருந்தாலும் இத்தனை வர வேண்டும், இந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்க விவசாயி கையில் ஒரு காகிதம் இருக்கிறது. வானத்தில் இருந்து வருவதற்கே காகிதம் உண்டு. அமைச்சர்கள் மேஜையில் இருந்து வருவதற்கு இல்லை.

"முன்னாலேயே சொன்னால் பதுக்குவார்கள்" என்பார்கள். ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை எந்தத் தேதியில் முடிவு செய்யும் என்று வருடத் தொடக்கத்திலேயே அட்டவணை போட்டு வெளியிடுகிறது. பங்குச் சந்தையும் வங்கிகளும் அந்தத் தேதியை வைத்துத்தான் வேலை செய்கின்றன. பெரிய பணத்துக்குத் தேதி சொல்ல முடிகிறது. சிறிய பணத்துக்குச் சொன்னால் மட்டும் பதுக்கலா?

சென்னைக்கு வருகிறேன். மின் கட்டணம் இப்போது வருடாவருடம் ஜூலை 1 அன்று ஏறுகிறது. 2023இல் 2.18 சதவீதம், 2024இல் 4.83, இந்த வருடம் 3.16. ஏற்றத்தை நான் எதிர்க்கிறேன், பீக் ஹவர் கட்டணத்தை எதிர்த்து நாமெல்லாம் ரோட்டுக்கு வந்தவர்கள்தான். ஆனாலும் தேதி தெரிகிறது, விலைவாசிக் குறியீட்டை வைத்துத்தான் ஏற்றுவார்கள் என்று தெரிகிறது, காஸ்டிங்கில் சேர்க்க முடிகிறது. எதிரி எந்த வழியில் வருகிறான் என்று தெரிந்தால் சண்டையாவது போடலாம்.

ஆனால் அதே சென்னை, ஊராட்சித் தேர்தலுக்குத் தேதி சொல்ல மறுக்கிறது. ஐந்து வருடம் முடியும் முன்னால் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிக்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நகராட்சி, மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி முந்தைய ஆட்சியில். 2019இல் ஜெயித்தவர்களின் காலம் இந்த வருடம் ஜனவரியில் முடிந்தது. இப்போது தனி அலுவலர். இது இந்த ஆட்சி. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று காரணம் இருவரிடமும் ஒன்றுதான். நம் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் பல்லடம் பக்கமும் அவிநாசி பக்கமும் ஊராட்சிகளில்தான் குடியிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் குடிதண்ணீர் ஐந்து நாள் ஆகிவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? ஓட்டுக் கேட்டு வந்தவர் இருந்தால் தட்டலாம். தனி அலுவலருக்கு நம் தெரு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இப்போது நம்மைப் பற்றிப் பேசப் போகிறேன். கைதட்ட வேண்டாம், கேளுங்கள்.

2011 ஜனவரி 28. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. ஊரே இடிந்துபோய் உட்கார்ந்தது. திடீரென்று தலையில் இடி விழுந்துவிட்டது என்று இன்றைக்கும் நம் ஊரில் சொல்கிறார்கள். அது திடீரென்று வந்ததில்லை, ஐயா. சாயக் கழிவை ஒரு சொட்டுக்கூட நொய்யல் ஆற்றில் விடக் கூடாது என்று 2006இலேயே உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து இன்னும் மூன்று மாதம் கொடுத்தது. அவகாசத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. தேதி தெரிந்தவர்கள் பட்டறை முதலாளிகள். தேதி தெரியாதவர்கள் அங்கே வேலை பார்த்த கூலிக்காரர்கள். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிக்கோ, அந்த வருடங்கள் முழுக்கத் தன் கிணற்றுத் தண்ணீரை மாடு குடிக்குமா குடிக்காதா என்பதே நிச்சயமில்லை. அவகாசம் கிடைத்தபோது அதை என்ன செய்தோம் என்று நம்மைக் கேட்டால், நொய்யல் பதில் சொல்லும்.

இன்றைக்கும் அதே கதைதான். டிரம்ப் 21 நாள் கொடுத்தார் என்று கோபப்படுகிறோம். நாம் நம் டெய்லருக்கு எத்தனை நாள் கொடுக்கிறோம்? காலையில் கம்பெனி வாசலுக்கு வந்த பிறகு, இன்றைக்கு வேலை இல்லை, போங்கள் என்கிறோம். வேலை கொடுக்காமல் நிறுத்திவைத்தால் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. 50 பேருக்குக் குறைவாக இருந்தால் அது பொருந்தாது. அதனால்தானே நம் ஊரில் கம்பெனிகள் துண்டு துண்டாக இருக்கின்றன? ஒரே கட்டடத்தில் மூன்று பெயர்ப்பலகை ஏன் தொங்குகிறது என்று இந்தப் பந்தலில் எல்லோருக்கும் தெரியும்.

1984இல் இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்கு? பஞ்சப்படிக்கு. விலைவாசி ஏறினால் ஒவ்வொரு முறையும் முதலாளி முன்னால் கைகட்டி நிற்க முடியாது, கணக்கு எழுதிவை, கணக்குப்படி கூலி ஏறட்டும் என்றுதான் 127 நாள் பட்டினி கிடந்தார்கள். நிச்சயம் வேண்டும் என்று இந்த ஊரில் முதலில் கேட்டவர்கள் அவர்கள். இன்றைக்கு ஏற்றுமதியாளர்களும் நாமும் கேட்பது, அவர்கள் 41 வருடத்துக்கு முன்னால் கேட்டதைத்தான்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் வைக்கும் தீர்மானத்தை எழுதும்போது நான் ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன். மேலே இருப்பவனிடம் எதைக் கேட்கிறோமோ அதைக் கீழே இருப்பவருக்கு நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரியோ இறக்குமதித் தீர்வையோ எது மாறினாலும் 90 நாள் முன்னால் சொல்ல வேண்டும், கையெழுத்தான ஆர்டருக்குப் பழைய வரியே செல்ல வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்கிறோம். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி நூல் விலையை மாற்றாதே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று மில்களைக் கேட்கிறோம், இது நம் பழைய கோரிக்கை. ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனி வாய் வார்த்தையில் கொடுக்காமல் பில் போட்டுக் கொடுக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் தைத்த வரைக்கும் கூலியும், நின்ற மெஷினுக்கு ஒரு தொகையும் தர வேண்டும் என்கிறோம். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வேலையே எழுத்தில் இல்லாதபோது அந்த 45 நாளை எந்தத் தேதியில் இருந்து எண்ணுவது?

கடைசிப் பத்தி நமக்கு. வரும் வாரத்தில் எத்தனை ஷிப்டு வேலை இருக்கிறது என்று சனிக்கிழமை சம்பளக் கவரோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். எழுதிய பிறகு வேலை இல்லை என்றால், வந்தவருக்கு அரை ஷிப்டு கூலி. எட்டு மெஷின் வைத்திருப்பவரால் இது முடியுமா என்று நேற்று என்னிடம் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். கஷ்டம்தான். எனக்கும் எட்டு, பத்து மெஷின்தான், என் கையில் இருந்துதான் போகும். ஆனால் இதைச் செய்யாமல் மேலே போய்க் கேட்க எனக்கு வாய் வராது. நாம் செய்துவிட்டால், நம் பின்னால் இந்த ஊர்த் தொழிலாளர்கள் மொத்தப் பேரும் நிற்பார்கள். அப்போது இது எட்டு மெஷின்காரனின் மனுவாக இருக்காது.

பஞ்சுக்கான இறக்குமதி வரி விலக்கு டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்கு மேல் நீட்டுவார்களா, வரி திரும்பி வருமா என்று இன்றைய தேதியில் மில்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, பருத்தியை வீட்டில் குவித்து வைத்துக்கொண்டு விற்பதா வைத்திருப்பதா என்று யோசிக்கும் விவசாயிக்கும் தெரியாது. எதை முடிவு செய்தாலும் டிசம்பர் 1க்குள் வெளியே சொல்லிவிடு என்பதுதான் நம் முதல் கோரிக்கை. நாளைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். காலை பத்து மணிக்கு மனுவோடு போகிறோம். தீர்மானத்தின் பிரதிகள் இரண்டு பக்கமும் வருகின்றன. முதலாளி ஒரு கையெழுத்து, அவர் கம்பெனியில் தைப்பவர் ஒரு கையெழுத்து என்று ஜோடியாகப் போடுங்கள். தனிக் கையெழுத்தை நாங்கள் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.